பற்று வரவு

சீன தேசத்தில் ஷீஆன் என்று ஒரு நகரம் இருக்கிறது. சாங்ஆன் என்ற பெயரில் பழைய நாளில் தலைநகராக விளங்கிய ஊர் அதுதான். அதற்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மலை. மலையே ஒரு சமாதி. தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி காவ்ஸோங்கும் அவனுடைய பட்டமகிஷியும் அங்கே ஒன்றாக அடக்கமாகியிருக்கிறார்கள். சமாதிக்குப் போகிற வழியில் மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு பிரம்மாண்டமான கற்கள் நிற்கின்றன. மேற்குக் கல்லில் காவ்ஸோங்கின் புகழ் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் புகழுரையை இயற்றியவள் அவன் மனைவியே. கிழக்குக் கல் அவளுக்கு உரியது. ஏழரை மீட்டர் உயரம், ஏறத்தாழ 98 டன் எடை, ஒரே கல். அதை நிறுத்தியபோது அதில் ஓர் எழுத்துக்கூடச் செதுக்கவில்லை.

ஏன் செதுக்கவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லுகிறார்கள். தன் பெருமை எழுத்தில் அடங்காது என்று அவளே அப்படி விடச் சொன்னாள் என்பது ஒன்று. தன்னைப் பற்றிய தீர்ப்பைப் பிற்காலத்தாருக்கு விட்டுவிட்டாள் என்பது இரண்டாவது. அவளுக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகனுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்பது மூன்றாவது. எது உண்மையோ, கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த மூன்றாவது காரணம்தான் பிடித்திருக்கிறது. தன்னைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவள், தன் பிள்ளைகளில் இருவரைக் கொல்வித்தவள், ஆனாலும் பெற்றவள். அந்த மகன் உளியை வைத்துக்கொண்டு எந்த எழுத்தில் ஆரம்பிப்பான்?

அவள் பெயர் வூ சாவ். சரித்திரம் அவளை வூ ஸெதியன் என்று அழைக்கிறது. சீனாவின் நீண்ட சரித்திரத்தில் ராணியாகவோ ராஜமாதாவாகவோ இருந்து ஆட்டிவைத்த பெண்கள் பலர் உண்டு. சக்கரவர்த்தி என்ற பட்டத்தையே சூடிக்கொண்டு, புது வம்சப் பெயரிட்டு ஆண்ட பெண் இவள் ஒருத்திதான்.

624-இல் பிறந்தவள். தகப்பனார் மர வியாபாரத்தில் பணம் சேர்த்துப் பதவிக்கு வந்தவர். பதினாலாவது வயதில் சக்கரவர்த்தி தாய்ஸோங்கின் அந்தப்புரத்தில் கீழ்ப்படி நாயகியாகச் சேர்ந்தாள். அந்த நாளைய சம்பவம் ஒன்றைப் பிற்காலத்தில் அவளே தன் மந்திரி ஒருவனிடம் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அரண்மனையில் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததாம். ‘நான் அடக்குகிறேன். மூன்று சாமான்கள் வேண்டும். இரும்புச் சாட்டையால் அடிப்பேன். மசியாவிட்டால் இரும்புச் சம்மட்டியால் தலையில் போடுவேன். அதற்கும் மசியாவிட்டால் கத்தியால் கழுத்தை அறுப்பேன்’ என்றாளாம் இவள். முதுமையில் இதை அவள் சொன்னது ஞாபகார்த்தமாக அல்ல. எதிர்த்துப் பேசிய மந்திரிக்கு எச்சரிக்கையாக.

649-இல் தாய்ஸோங் இறந்ததும் வழக்கப்படி அவளைப் பௌத்த மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் மகன் காவ்ஸோங் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டான். 655-இல் பட்டமகிஷியாக இருந்த வாங் ராணியை விலக்கிவிட்டு இவளை அந்த இடத்தில் அமர்த்தினான். 660 வாக்கில் சக்கரவர்த்திக்குத் தலைவலியும் மயக்கமும் கண்டு, ராஜாங்க காரியம் இவள் கைக்கு வந்தது. 683-இல் அவன் இறந்தான். 684-இல் பட்டத்துக்கு வந்த மகனை இரண்டு மாதங்கூட ஆகுமுன் இறக்கினாள். இன்னொரு மகனைப் பெயருக்கு உட்கார்த்தினாள். 690-இல் அவனையும் ஒதுக்கிவிட்டுத் தானே சக்கரவர்த்தியானாள். அப்போது அவளுக்கு வயது 66. நம் வீடுகளில் பாட்டிமார் சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஜபமாலையை எடுத்துக்கொள்ளும் வயது.

இந்த ஏற்றத்துக்கு அவள் கொடுத்த விலையை எழுதக் கை கூசுகிறது. விலை கொடுத்தவர்கள் பிறர் என்பதுதான் உண்மை. விலக்கப்பட்ட வாங் ராணியையும், சியாவ் என்ற இன்னொரு நாயகியையும் கைகால்களைத் துண்டித்து மதுச்சாடியில் போட்டுக் கொன்றதாகப் பழைய நூல்கள் சொல்லுகின்றன. சாகும்போது சியாவ், ‘அடுத்த பிறவியில் நான் பூனையாகவும் வூ எலியாகவும் பிறந்து, அவள் குரல்வளையைக் கடிக்க வேண்டும்’ என்று சபித்தாளாம். அதன் பிறகு அரண்மனையில் பூனை வளர்க்கத் தடை.

வாங் ராணியின் மேல் பழி போடுவதற்காகத் தான் பெற்ற பெண் சிசுவையே இவள் மூச்சடக்கிக் கொன்றாள் என்ற கதை இதைவிடக் கொடியது. இதில் நாம் நிதானிக்க வேண்டும். 945-இல் முடிந்த பழைய தாங் சரித்திரம் இச்சம்பவத்தை விவரிக்கவில்லை. ஆனால் முடிவுரையில் அவளைப் பழிக்கும்போது சிசுக்கொலையைச் சுட்டிவிட்டுப் போகிறது. 961-இல் தொகுத்த நூல், குழந்தை திடீரென்று இறந்தது என்றும், வாங் ராணிதான் கொன்றாள் என்று வூ குற்றம் சாட்டினாள் என்றும் மட்டும் சொல்லுகிறது. 1060-இல் முடிந்த புதிய தாங் சரித்திரத்துக்கும், 1084-இல் ஸிமா குவாங் முடித்த பெருநூலுக்கும் வரும்போது, தாய் தொட்டிலுக்கு அருகில் சென்றதும் போர்வையால் மூடிவிட்டு வந்ததும் கண்ணால் பார்த்தது போல் எழுதப்பட்டிருக்கின்றன. காலம் செல்லச் செல்ல விவரம் குறைவதுதான் இயற்கை. கூடிக்கொண்டே போனால் அங்கே எங்கள் தொழில்காரர் ஒருவர் புகுந்துவிட்டார் என்று சந்தேகப்பட இடமுண்டு. எழுதியவர்கள் எல்லோரும், பெண் அரியணை ஏறுவதையே இயற்கைக்கு விரோதம் என்று நினைத்த ஆண்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்தக் கதையை ஒதுக்கிவிட்டாலும் மிச்சமிருப்பது கொஞ்சமல்ல. 686-இல் லோயாங் நகரில் நான்கு வாய்கள் வைத்த வெண்கலப் பெட்டி ஒன்றை நிறுவினாள். குடிகள் தங்கள் குறைகளை எழுதிப் போடலாம். திறமையுள்ளவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வாயில் ராஜத்துரோகக் குற்றச்சாட்டையும் போடலாம். கோள் சொல்ல வருகிறவனுக்குப் பிரயாணக் குதிரையும் உயர்ந்த சாப்பாடும் அரசாங்கச் செலவு. சொன்னது பொய்யானாலும் தண்டனை இல்லை. இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் எந்த ஊரில்தான் பொய் விளையாது? லாய் ஜூன்சென், சௌ ஷிங் போன்ற விசாரணை அதிகாரிகள் முளைத்தார்கள். சித்திரவதையால் வாக்குமூலம், வாக்குமூலத்தால் மேலும் பத்துப் பேர். லோயாங்கின் லீஜிங் வாசலில் இருந்த சிறைக்குள் போனவர்கள் வெளியே வருவதில்லை என்பதால் அந்த வாசலின் பெயரை வைத்தே ஜனங்கள் கசப்பாகச் சிலேடை பேசினார்கள்.

691-இல் சௌ ஷிங்கின் மேலேயே குற்றச்சாட்டு வந்தது. விசாரிக்கப் போன லாய், விருந்துக்கு நடுவில், ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனை என்ன செய்யலாம்?’ என்று யோசனை கேட்டான். ‘பெரிய தாழியில் உட்கார வைத்துச் சுற்றிலும் கரி நெருப்பு மூட்டினால் எதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?’ என்றான் சௌ. லாய் தாழியைக் கொண்டுவரச் சொல்லி நெருப்பையும் மூட்டிவிட்டு, ‘உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது, தயவுசெய்து உள்ளே இறங்குங்கள்’ என்றான். இது சீன மொழியில் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. கடைசியில் 697-இல் லாய்க்கும் மரண தண்டனை. அவனுடைய பிணத்தின் சதையைப் பிய்க்க ஜனங்கள் முண்டியடித்தார்களாம்.

இத்தனையும் எழுதிவிட்டு, இனி மற்ற பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும்.

674-இல், ராணியாக இருந்தபோதே, பன்னிரண்டு யோசனைகளைச் சக்கரவர்த்தியிடம் கொடுத்தாள். உழவை ஊக்குவிக்க வேண்டும், வரிச்சுமையையும் கட்டாய வேலையையும் குறைக்க வேண்டும் என்பவை அவற்றில் சேர்ந்தவை. தகப்பன் உயிரோடிருந்தாலும் தாய்க்கு மூன்று வருஷம் துக்கம் காக்க வேண்டும் என்பதும் ஒன்று. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளே பதவிகளை அனுபவித்து வந்த நாட்டில், பரீட்சை எழுதி வருகிறவனுக்குக் கதவை அகலமாகத் திறந்தாள். 690-இல் தன் அரண்மனை மண்டபத்திலேயே பரீட்சை நடத்தினாள். 702-இல் படை உத்தியோகத்துக்கும் பரீட்சை வைத்தாள். டி ரென்ஜியே போன்ற நேர்மையான மந்திரியைத் தேடிப் பிடித்து, அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினாலும் கேட்டுக்கொண்டாள். 652-இல் அரசாங்கப் பதிவேட்டில் இருந்த குடும்பங்கள் சுமார் 38 லட்சம். அவள் ஆட்சி முடிந்த 705-இல் 61 லட்சத்துக்கு மேல். பஞ்சத்திலும் கலகத்திலும் அழிந்துகொண்டிருக்கிற தேசத்தில் இப்படிக் குடும்பம் பெருகாது.

684-இல் அவளுக்கு எதிராக ஒரு கலகம் எழுந்தது. கலகக்காரர்களுக்காக லோ பின்வாங் என்ற கவிஞன் அவளைக் கண்டபடி ஏசி ஓர் அறிக்கை எழுதினான். அதை வாசிக்கக் கேட்டவள் எழுதியவன் யாரென்று விசாரித்தாள். இப்படிப்பட்ட திறமைசாலியை உத்தியோகத்தில் சேர்க்காமல் விட்டது மந்திரிகளின் தவறல்லவா என்றாளாம். தன்னைத் திட்டிய எழுத்தின் அழகை ரசிக்கத் தெரிந்த ஆட்சியாளர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

நம் பக்கத்துத் தொடர்பும் ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து சென்ற போதிருசி என்ற பிக்கு 693-இல் லோயாங்கில் ரத்னமேக சூத்திரத்தை மொழிபெயர்த்தார். சீன தேசத்தில் ஒரு பெண் அரசாளுவாள் என்ற தீர்க்கதரிசனம் அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அதற்கு முந்தைய மொழிபெயர்ப்புகளில் இல்லை! அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே சாஸ்திரமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் போலிருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இவள் நல்லவளா, கெட்டவளா?

கதை படிக்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். அதில் தப்பில்லை. பதில் சொல்ல நாம் எல்லோரும் கைக்கொள்ளும் முறை ஒன்றுண்டு. மளிகைக் கடைப் பற்றுவரவுப் புத்தகம் மாதிரி நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் எழுதி, கூட்டி, கழித்து, மீதி எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவே மனிதனின் குணம் என்கிறோம். வூ ஸெதியனுக்கு ஆயிரம் வருஷம் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் கொலைகளைத்தான் மீதியாகக் கண்டார்கள். இக்காலத்தில் வேறு சிலர் போட்டுப் பார்த்து, பரீட்சையும் குடும்பப் பெருக்கமும் மிஞ்சுவதாகச் சொல்லி அவளை விடுதலை செய்கிறார்கள்.

விடுதலை செய்கிறவர்களின் வாதத்தில் ஒரு பலமான அம்சம் இருக்கிறது. அவளுடைய முதல் கணவனும் இரண்டாம் கணவனின் தகப்பனுமான தாய்ஸோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 626-இல் அரண்மனையின் வடக்கு வாசலில் பதுங்கியிருந்து, பட்டத்துக்கு உரிய தமையனைத் தன் கையாலேயே அம்பெய்து கொன்றான். தம்பியும் அங்கேயே மாண்டான். அவ்விருவரின் பிள்ளைகள் பத்துப் பேரையும் வெட்டிப் போட்டார்கள். இரண்டு மாதத்தில் தகப்பன் பட்டத்தை விட்டு இறங்கினான். இதைச் செய்தவனைத்தான் சீன சரித்திரம் உத்தம சக்கரவர்த்திகளின் வரிசையில் முன்னால் வைத்திருக்கிறது. பின்னாளில் அவன் சரித்திரக் குறிப்பைத் தானே வாங்கிப் பார்த்தான். அந்தச் சம்பவம் பூசிமெழுகி எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னான். எழுதினால் தனக்கு நஷ்டமில்லை என்று அவனுக்குத் தெரியும். முற்காலத்தில் ராஜ்ய நன்மைக்காகச் சகோதரர்களைத் தண்டித்த ஒரு மகானோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டான். அவன் கணக்கில் நல்லாட்சி கொலையைக் கழித்துவிட்டது. அவளுடைய கணக்கில் மட்டும் கழிக்க மறுத்தார்கள். ஆணுக்கு ஒரு படி, பெண்ணுக்கு ஒரு படி. இந்த அநியாயத்தை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அநியாயம் எங்கே இருக்கிறது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன். அவளைக் கண்டித்தது அநியாயமல்ல. அவனை மன்னித்ததுதான் அநியாயம். ஒரு படி பொய்ப்படி என்று கண்டால் அதை உடைத்துப் போட வேண்டுமே தவிர, இரண்டு பேருக்கும் அதிலேயே அளந்துவிட்டுச் சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்லலாமா?

அது பொய்ப்படி என்று ஏன் சொல்லுகிறேன்? மளிகைக் கடைப் புத்தகத்தையே பார்ப்போம். ராமசாமிக்கு நான் நூறு ரூபாய் கொடுக்க வேண்டும். கிருஷ்ணசாமிக்கு இருநூறு ரூபாய் தானம் செய்கிறேன். பிறகு ராமசாமியிடம் போய், ‘ஐயா, கணக்குத் தீர்ந்துவிட்டது, எனக்கே நூறு ரூபாய் மிச்சம்’ என்றால் அவன் சிரிப்பானா, அழுவானா? நன்மையை வாங்கிக்கொண்டவன் ஒருவன். தீமையை வாங்கிக்கொண்டவன் வேறொருவன். ஒருவன் பேரில் உள்ள வரவை இன்னொருவன் பேரில் உள்ள பற்றில் கழிக்க எந்தக் கணக்குப்பிள்ளையும் சம்மதிக்க மாட்டான். பரீட்சையில் தேறி உத்தியோகம் பெற்ற ஏழைப் பிள்ளை வூ ஸெதியனை வாழ்த்தட்டும். அது அவன் உரிமை. லீஜிங் வாசலுக்குள் போய்த் திரும்பி வராதவனுடைய மனைவியின் சார்பாக அவளை மன்னிக்க அவனுக்கு உரிமை இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்குப் பின் பிறந்த நமக்கோ சிறிதும் இல்லை.

‘ராஜ்யபாரம் என்பது சாமானியமா? கையில் ரத்தம் படாமல் சிம்மாசனம் ஏறியவர் யார்? அவள் அப்படி ஏறியிராவிட்டால் அந்த நன்மைகளும் நடந்திருக்காதே!’ என்று கேட்பார்கள். இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், வீட்டைக் காப்பாற்றக் கடன் வாங்கியவன், காரணம் நல்லதாக இருந்ததால் கடனாளி அல்ல என்று ஆகிவிடுமா? அவசியம் என்பது கடன் ஏன் ஏற்பட்டது என்பதைச் சொல்லும். அதை அடைத்துவிடாது. மேலும், அவசியம் என்ற வார்த்தையை அவளுடைய ஆட்சியே பொய்யாக்கியது. 697-இல், அந்த விசாரணைக்காரர்கள் செத்தபின் ராஜத்துரோக வழக்குகளே வரவில்லையே, ஏன் என்று அவள் வியந்து கேட்டாள். முன்பு வந்தவை எல்லாம் சித்திரவதையால் ஜோடிக்கப்பட்டவை என்று யாவ் என்ற மந்திரி துணிந்து சொன்னான். அவள் மகிழ்ந்து அவனுக்கு வெள்ளி பரிசளித்தாள். முந்தைய மந்திரிகள் சும்மா தலையாட்டி என்னைக் கொடிய தண்டனை விதிக்கும் அரசராக ஆக்கிவிட்டார்களே என்று குறைப்பட்டுக்கொண்டாள். யார் வைத்த பெட்டி, யார் கொடுத்த குதிரை என்பது அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று.

இதை ராஜாக்கள் விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். இதே பற்றுவரவுப் புத்தகம் நம் வீடுகளிலும் இருக்கிறது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெரியவர் ஒருவர் இருப்பார். தம்பிமார்களைப் படிக்க வைத்தார், தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார், ஊரில் நாலு பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அதே பெரியவர், விதவையாக வந்து நின்ற ஓர் அண்ணியைச் சொத்தில் பங்கு கேட்டாள் என்பதற்காக வெளியே அனுப்பியிருப்பார். அவர் படத்துக்கு மாலை போடும் நாளில் யாராவது அந்த அண்ணியின் பேச்சை எடுத்தால், ‘அவர் செய்த நல்லதற்கு முன்னால் இது எம்மாத்திரம்?’ என்று வாயை அடைத்துவிடுவோம். அப்படிச் சொல்லுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவரிடம் வாங்கிச் சாப்பிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். வெளியே போனவள் சொல்லமாட்டாள்.

வூ ஸெதியன் இந்தக் கணக்கை நம்பினாளா? நம்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1982-இல் சீனாவின் ஸுங் மலையில் ஒரு விவசாயிக்குத் தங்கத் தகடு ஒன்று கிடைத்தது. 36 செண்டிமீட்டர் நீளம், 8 செண்டிமீட்டர் அகலம். 700-ஆம் ஆண்டில் அவள் அனுப்பிய ஆள் மலைமேல் போட்டுவிட்டு வந்த பிரார்த்தனைத் தகடு அது. வூ சாவ் என்ற பெயரைப் பாவப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி தெய்வங்களிடம் கேட்டுக்கொள்வதுதான் அதிலுள்ள செய்தி. வெட்டவெளிக்கு மேலே சூரியனும் சந்திரனும் சேர்ந்து பிரகாசிப்பதாகத் தன் பெயருக்கு ஒரு புது எழுத்தையே உண்டாக்கிக்கொண்டவள், 76-ஆம் வயதில், யார் கண்ணிலும் படாத ஒரு தகட்டில் அந்தப் பெயரைப் பாவத்தோடு சேர்த்து எழுதினாள். நான் செய்த நன்மைகளைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று தெய்வத்தோடு அவள் பேரம் பேசவில்லை. கழியாது என்று தெரிந்திருந்தால்தான் நீக்கிவிடும்படி மன்றாடுவார்கள்.

ஆனாலும் அந்தத் தகட்டிலும் ஒரு குறை. கடன் மனிதர்களுக்கு, வேண்டுதல் தெய்வத்துக்கு. கடன்காரனை விட்டுவிட்டு ஊர்ப் பெரியவரிடம் தள்ளுபடி கேட்பது போல.

705-இல் மந்திரிகள் படையோடு அரண்மனைக்குள் புகுந்து அவளை இறக்கினார்கள். முன்னே நின்று நடத்தியவர், டி ரென்ஜியே சிபாரிசு செய்து அவளே உயர்த்திய சாங் ஜியான்ஜி. அந்த வருஷக் கடைசியில் 81-ஆம் வயதில் அவள் இறந்தாள். அவளுடைய கடைசிக் கட்டளை சரித்திர நூல்களில் இருக்கிறது. தன்னைச் சக்கரவர்த்தி என்று அழைக்க வேண்டாம், ராணி என்று மட்டும் சொல்லிக் கணவனோடு அடக்கம் செய்யுங்கள் என்றாள். இதைத் தோல்வி என்பார்கள், தந்திரம் என்பார்கள். அந்தக் கட்டளையில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. வாங் ராணியின் குடும்பத்தாரும், சியாவின் குடும்பத்தாரும், அவர்களுக்காகப் பேசி அழிந்த மந்திரிகளின் சந்ததியாரும் பழைய நிலையை அடையட்டும் என்பது அது.

655-இல் பட்ட கடன். 705-இல் அதில் ஒரு சிறு பகுதி. நடுவில் 50 வருஷம். மதுச்சாடியில் மாண்டவர்களுக்கு இதனால் என்ன ஆயிற்று? ஒன்றுமில்லை. தூரத்து மலைப்பிரதேசங்களுக்குத் துரத்தப்பட்டு, அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்கள்? ‘இப்போதாவது வந்ததே’ என்று ஒருவர் கண்ணைத் துடைத்திருக்கலாம். ‘இதை அவளே வைத்துக்கொள்ளட்டும்’ என்று ஒருவர் எழுந்து போயிருக்கலாம். இரண்டையும் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனால் 61 லட்சம் குடும்பங்களின் வரவைக் காட்டாமல், யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்கள் பெயரைச் சொல்லி அவள் கொடுத்தது அந்த ஒரு வரியைத்தான். அவளுடைய நீண்ட ஆட்சியில் எனக்கு மறக்க முடியாதது அதுவே.

எழுதாமல் விட்ட அந்தக் கல் பிற்காலத்தில் வெறுமையாக இருக்கவில்லை. நூற்றாண்டுகள் கழித்து வந்த யாத்திரிகர்களும் அதிகாரிகளும் தங்கள் குறிப்புகளை அதில் செதுக்கிவிட்டுப் போனார்கள். 1134-இல் ஒருவர் கித்தான் மொழியிலேயே பொறித்திருக்கிறார். என்னிடம் உளியைக் கொடுத்து, நீயும் எழுது என்றால், ஒரு பக்கம் பரீட்சையில் தேறினவர்களின் பெயர்களையும் மறுபக்கம் லீஜிங் வாசலுக்குள் போனவர்களின் பெயர்களையும் எழுதுவேன். அடியில் கோடு போட்டு மொத்தம் எழுதமாட்டேன்.